கை நடுங்குறதுக்கு முன்னாடியே மனசு

நியூரோ ரீஹேப்ல பிசியோதெரபிஸ்ட் வேலை எனக்கு, வர்றவங்கள்ல கை நடுங்கி, உடம்பு இறுகிப் போற பார்க்கின்சன் நோய் பேஷண்ட்ஸ்தான் அதிகம். கூட வர்ற வீட்டு ஆளுங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க, "இந்த வியாதி வந்துடுச்சேன்னு இடிஞ்சு போயிட்டாரு, அதான் எதுலயும் பிடிப்பே இல்ல"ன்னு. கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா பழைய கதையை கொஞ்சம் கிளறினா, நடுக்கம் வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே வாசனை தெரியாம போயிருக்கும், மலச்சிக்கல் இருந்திருக்கும், தூக்கத்துல கத்தி கையைக் காலை உதறியிருப்பாங்க, சில பேர் அப்பவே டிப்ரஷனுக்கு மாத்திரையும் எடுத்திருப்பாங்க. வராத வியாதிக்கு யாருங்க முன்கூட்டியே கவலைப்படுவா?

2003ல பிராக்னு ஒரு ஜெர்மன் அனாடமி ஆராய்ச்சியாளரும் அவர் டீமும் இறந்தவங்களோட மூளையைப் பாத்து ஒரு வரிசை சொன்னாங்க. ஆல்ஃபா சைனூக்ளின்னு ஒரு புரோட்டீன் செல்லுக்குள்ள கட்டிகட்டியா சேருது இல்லையா, அது, உடம்பு அசையறதுக்கு வேணுங்கிற டோபமைன் கெமிக்கலைத் தயாரிக்கிற செல்கள் இருக்கிற சப்ஸ்டான்ஷியா நைக்ராங்கிற இடத்துல ஆரம்பிக்கிறதில்ல, அதுக்கும் கீழ மூளைத்தண்டோட அடிப்பகுதியிலயே ஆரம்பிச்சு, செரடோனின் தயாரிக்கிற ரேஃபே, நார்அட்ரினலின் தயாரிக்கிற லோக்கஸ் செருலியஸ்னு அங்க இருக்கிற இடங்களை எல்லாம் தொட்டுட்டு அப்புறம்தான் மேல ஏறுதாம். டிப்ரஷன் மாத்திரைகள்ல பாதிக்கு மேல குறி வைக்கிறதே இந்த ரெண்டு கெமிக்கலைத்தான்! எல்லார் மூளையிலயும் இதே ஆர்டர்ல போகாது, அதுல சண்டை இன்னும் ஓடுது, ஆனா மனசு ஏன் முதல்ல சரியுதுன்னு எனக்கு இதைவிட தெளிவா யாரும் சொன்னதில்ல.

டோபமைனும் சும்மா கை கால் அசைக்க மட்டும் இல்ல, ஒரு வேலையை செய்யணும்னு தோணுறதுக்கே அது வேணும். டோபமைன் சீக்கிரம் சிதையாம தடுக்க ஸெலிஜிலின்னு பார்க்கின்சனுக்கு குடுக்கிற மருந்தையே அமெரிக்காவுல 2006ல டிப்ரஷனுக்கு தோல்ல ஒட்டுற பேட்ச்சா அனுமதிச்சாங்க. அதுக்காக டிப்ரஷன் வந்தவங்க யாரும் பயந்துறாதீங்க, அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு பார்க்கின்சன் வர்றதே இல்ல.

வேலையில கஷ்டமே டிப்ரஷனைக் கண்டுபிடிக்கிறதுலதான். பார்க்கின்சன்ல முகத்தசை இறுகி எக்ஸ்பிரஷன் இல்லாம போயிடும், உள்ள நல்லா இருக்கிறவரும் சோகமா தெரிவாரு, நிஜமாவே உடைஞ்சு போனவரும் அதே முகத்தோட உக்காந்திருப்பாரு, மெதுவா நடக்குறது, தூக்கமின்மை, அசதி எல்லாம் பார்க்கின்சன், டிப்ரஷன் ரெண்டுக்கும் பொது வேற. வாயைத் திறந்து கேட்டாத்தான் தெரியும். இன்னொண்ணு, மூளையில டோபமைனா மாறுற லெவோடோபா மாத்திரையோட வேகம் இறங்குற நேரத்துல சிலருக்கு உடம்போட சேர்ந்து மூடும் விழும், மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சா ரெண்டும் சேர்ந்தே ஏறும், அதனால "இன்னிக்கு முடியல, விட்டுருங்க"ன்னு யாராவது சொன்னா கடைசியா எத்தனை மணிக்கு மாத்திரை போட்டாங்கன்னு கேட்டு எழுதி நியூராலஜிஸ்ட்டுக்கு அனுப்பிடுவேன். சோம்பேறித்தனம்னு வீட்டுல திட்டுறவங்களைப் பாத்தா எரிச்சல்தான் வரும். எங்க அசெஸ்மெண்ட் ஃபார்ம்ல நடுக்கத்துக்கு, இறுக்கத்துக்கு, பேலன்ஸுக்கு எல்லாம் தனித்தனியா கட்டம் இருக்கு, மனசுக்கு மட்டும் கடைசியில "இதர"ன்னு ஒரு வரி, நான் அதுல இடம் பத்தாம பின்பக்கம்தான் எழுதிக்கிட்டிருக்கேன்.