உப்புத்தாளில் உரசிய சங்குப்பூ விதைகள்

மொட்டை மாடிச் சுவரை ஒட்டி நைலான் வலை கட்டி, அதில் சங்குப்பூவையும் மயில் மாணிக்கத்தையும் விதையிலிருந்தே வளர்த்து ஏற்றிவிடுவது எனக்கு இது மூன்றாவது ஆண்டு. முதல் ஆண்டில், வாங்கி வந்த பத்துச் சங்குப்பூ விதைகளை அப்படியே ஊன்றி இரண்டு வாரம் தண்ணீர் தெளித்தும் இரண்டுதான் முளைத்தன. பழைய விதையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரை மனத்துக்குள் திட்டியபடியே தொட்டியைக் கிளறினால், மீதி எட்டும் அழுகவும் இல்லாமல் ஊறவும் இல்லாமல், போட்டபோது இருந்த அதே கெட்டியுடன் கிடந்தன.

அவரைக் குடும்பத்துச் செடியான சங்குப்பூவின் விதைத்தோல் எளிதில் நீரை உள்ளே விடாது. ஆகவே இப்போதெல்லாம் ஒவ்வொரு விதையையும் இரு விரல்களால் பிடித்து, அது காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்புறமாக, கருந்தோல் தேய்ந்து வெளிறிய உட்பகுதி லேசாகத் தெரியும்வரை உப்புத்தாளில் உரசுகிறேன். முளை தழும்பின் அருகில் இருப்பதால் அந்தப் பக்கம் கை வைப்பதில்லை. இரவு முழுவதும் நீரில் கிடந்த விதைகளில் நீர் குடித்தவை காலையில் உப்பியிருக்கும். சிறுத்தே கிடப்பவற்றை மறுபடியும் உரசி ஊறப்போட வேண்டும். உப்பியவற்றை அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தலைகாட்டிவிடும்.

மயில் மாணிக்கத்துக்கு இவ்வளவு பாடில்லை, ஓரிரவு ஊறினால் போதும். ஆனால் அதன் வித்திலைகள் கவட்டைபோல இரண்டாகப் பிளந்து நீண்டிருக்கும். பின்னால் வரும் இறகு போன்ற இலைகளின் சாயல் அவற்றில் துளியும் இராது. சென்ற ஆண்டு களையென்று நினைத்து ஏழு நாற்றுகளை நானே பிடுங்கி எறிந்தேன்.

இரண்டுக்கும் நல்ல வெயில் வேண்டும். சங்குப்பூவின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், அதற்கு யூரியா போடுவது வீண். கொடி தழைக்குமே தவிரப் பூக்காது. செம்மண்ணும் மண்புழு உரமும் தேங்காய்நார்க் கழிவும் கலந்த தொட்டியில், எனக்கு இரண்டு மாதத்துக்குள் முதல் பூ வந்துவிட்டது.

காய் பழுப்பேறியதும் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்து, விதைகளைத் தெறிக்கவிடும். இந்த முறை வெள்ளைப்பூக் கொடியின் விதைகளை அடுத்த வீட்டு அக்கா கேட்டார். பொட்டலத்துக்குள் உப்புத்தாள் துண்டு ஒன்றையும் சேர்த்தே மடித்துக் கொடுத்தேன்.