எண்ணெய் வரியும் ஆல்பர்ட்டாவின் வாக்கும்

எரிபொருள்மீது நடுவண் அரசு விதிக்கும் வரி நாடு முழுவதற்கும் ஒன்றுதான் என்றாலும், எண்ணெய் எடுக்கும் பகுதியில் அது கூலியில் கைவைக்கிறது, எண்ணெயை வாங்கி எரிக்கும் பகுதியில் செலவில் கைவைக்கிறது. இந்த வேறுபாடு வாக்குப் பெட்டியில் எத்தனை காலம் நிலைத்திருக்கும் என்று யாராவது கேட்டால், கனடாவின் கதையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

1979ஆம் ஆண்டு அங்கே பிரதமராக இருந்தவர், எண்ணெய் எடுக்கும் மேற்கு மாகாணமான ஆல்பர்ட்டாவில் பிறந்து அங்கிருந்தே தேர்வான கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜோ கிளார்க். பெரும்பான்மை இல்லாத அவருடைய அரசின் நிதியமைச்சர் ஜான் கிராஸ்பி, டிசம்பர் 11 அன்று தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் போக்குவரத்து எரிபொருளுக்குக் காலனுக்கு 18 சென்ட் வரி விதித்தார். இரண்டே நாளில் 139க்கு 133 என்ற வாக்குக் கணக்கில் அரசு கவிழ்ந்தது. அடுத்த பிப்ரவரியில் நடந்த தேர்தலில் ஆல்பர்ட்டாவின் 21 தொகுதிகளும் கிளார்க்கின் கட்சிக்கே கிடைத்தன. ஆனால் ஆலைகளும் கார்த் தொழிலும் நிறைந்த கிழக்கு மாகாணமான ஒன்டாரியோவில் அதன் இடங்கள் 57இலிருந்து 38ஆகச் சரிந்தன. ஒன்டாரியோவின் முதல்வர் பில் டேவிஸும் அதே கட்சிக்காரர்தான் என்றபோதிலும், எண்ணெய் விலை உயர்வை அவர் வெளிப்படையாகவே எதிர்த்து வந்தார். கட்சிக்கொடி ஒன்றாக இருந்தும், ஆலைத் தொழிலாளியின் வாக்கை நம்பியிருந்த முதல்வருக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பிளவின் வேர் 1973இல் இருக்கிறது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத் தொடங்கியபோது, நடுவண் அரசு இருக்கும் ஒட்டாவா உள்நாட்டு விலையை உலக விலைக்குக் கீழே பிடித்து நிறுத்தியது. அமெரிக்காவுக்குப் போகும் எண்ணெய்மீது ஏற்றுமதி வரி விதித்து, அந்தப் பணத்தில் கிழக்கு மாகாணங்கள் இறக்குமதி செய்த எண்ணெய்க்கு மானியம் கொடுத்தது. கிழக்கிலிருந்து பார்த்தவர்களுக்கு இது நாடு தன் குடிமக்களைக் காக்கும் செயலாகத் தெரிந்தது. நிலத்தடி வளம் மாகாணத்துக்குச் சொந்தம் என்று அரசமைப்பே சொல்லும் நாட்டில், ஆல்பர்ட்டாவிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தங்கள் சொத்தை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்வதாகத் தெரிந்தது. 1961இல் வந்த தேசிய எண்ணெய்க் கொள்கையின்படி ஒன்டாரியோவின் பெரும்பகுதி, மலிவான இறக்குமதி எண்ணெயை விட்டுவிட்டு, விலை கூடிய ஆல்பர்ட்டா எண்ணெயை வாங்கிக்கொண்டிருந்தது என்பதை மேற்கில் பேசுகிறவர்கள் அதிகம் நினைவுகூர்வதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

1980 தேர்தலில் ஆட்சிக்குத் திரும்பிய பியர் ட்ரூடோவின் லிபரல் கட்சிக்கு மனிடோபாவுக்கு மேற்கே ஓர் உறுப்பினர்கூட இல்லை. அந்த மாகாணங்களுக்கான அமைச்சர்களை, தேர்தலின்றி நியமிக்கப்படும் மேலவையான செனட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த நிலையில்தான் அக்டோபர் 28 அன்று தேசிய எரிசக்தித் திட்டம் அறிவிக்கப்பட்டது. எண்ணெய், எரிவாயு வருவாய்மீது புதிய வரி, 1990க்குள் இத்தொழிலில் பாதியையாவது கனடியர் கைக்குக் கொண்டுவரும் இலக்கு, வட எல்லையிலும் கடற்பரப்பிலும் எண்ணெய் தேடுவோருக்குத் தாராளமான மானியம் ஆகியவை அதில் இருந்தன. அந்த மானியம் ஆல்பர்ட்டாவின் துளையிடும் வேலைகளை அம்மாகாணத்தைவிட்டு வெளியே இழுத்தது. பல துளையிடும் எந்திரங்கள் எல்லை கடந்து அமெரிக்காவுக்கே போய்விட்டன. ஆல்பர்ட்டா முதல்வர் பீட்டர் லாகீட் தொலைக்காட்சியில் தோன்றி, எண்ணெய் உற்பத்தியை மூன்று கட்டங்களாகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். 1981 செப்டம்பரில் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தபோது ட்ரூடோவோடு ஷாம்பெய்ன் கிண்ணம் உயர்த்தியபடி எடுத்துக்கொண்ட படத்துக்காக அவர் பின்னர் வருந்தியதும் உண்டு.

அடுத்த சில ஆண்டுகளில் ஆல்பர்ட்டாவின் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தாண்டியது. அல்சாண்ட்ஸ் என்ற பெரிய எண்ணெய் மணல் திட்டம் 1982இல் கைவிடப்பட்டது. வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் வீடுகளை விட்டுவிட்டுப் போனவர்கள் பலர். இத்தனைக்கும் காரணம் அந்த ஒரு திட்டம்தான் என்று இன்றும் அங்கே பலர் உறுதியாகச் சொல்வார்கள். அது முழு உண்மையன்று என்பதே என் கருத்து. 1981 ஆகஸ்டில் கனடாவின் வங்கி விகிதம், அதாவது நடுவண் வங்கியின் வட்டி, 20 விழுக்காட்டுக்கு மேல் போயிருந்தது. உலகப் பொருளாதாரமே சரிவில் இருந்தது. எண்ணெய் விலையும் இறங்கத் தொடங்கியிருந்தது. திட்டம் கலைக்கப்பட்ட பிறகு, 1986இல், உலக விலை பாதிக்கும் கீழே விழுந்தபோது ஆல்பர்ட்டா மீண்டும் அடிபட்டது. அப்போது குற்றம்சாட்ட ட்ரூடோ ஆட்சியில் இல்லை. ஆனால் வேலை இழந்தவனிடம் இந்தக் கணக்கை விளக்கிப் பயனில்லை. உலகச் சந்தைக்கு எதிராக அவனால் வாக்களிக்க முடியாது. ஒட்டாவாவுக்கு எதிராக முடியும். பல காரணங்கள் சேர்ந்து ஒரு பகுதியின் பிழைப்பைக் கெடுக்கும்போது, அவற்றில் எதற்கு ஒரு கையெழுத்தும் ஒரு முகமும் இருக்கிறதோ அதன்மீதே மொத்தப் பழியும் இறங்குகிறது. வரிக்கு எப்போதும் ஒரு கையெழுத்து உண்டு.

இந்தக் கோபம் கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் நிரந்தரச் சொத்தாகவில்லை. 1984இல் வென்ற பிரையன் மல்ரோனி மறு ஆண்டே எரிசக்தித் திட்டத்தைக் கலைக்க ஒப்பந்தம் செய்தார். ஆனாலும் 1986இல் போர் விமானப் பராமரிப்பு ஒப்பந்தம் மேற்கிலுள்ள வினிபெக் நகருக்குப் போகாமல் கிழக்கிலுள்ள மான்ட்ரியலுக்குப் போனதும், "யார் வந்தாலும் கிழக்குக்குத்தான்" என்ற பேச்சு மேற்கில் மறுபடி எழுந்தது. 1987இல் பிரெஸ்டன் மேனிங் தொடங்கிய சீர்திருத்தக் கட்சி 1993இல் 52 இடங்களைப் பிடித்தது. ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தவை 2.

ஏறத்தாழ அதே வழக்கு 2019இல் வேறு பெயரில் திரும்பி வந்தது. மகன் ஜஸ்டின் ட்ரூடோவின் அரசு, கரிம வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் சொந்தத் திட்டம் இல்லாத மாகாணங்களில் எரிபொருள் கட்டணம் விதித்து, வசூலின் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. கட்டணம் பெட்ரோல் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது. திரும்பி வந்த பணம் வங்கிக் கணக்கில் ஓசையின்றி விழுந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஆல்பர்ட்டாவிலும் அதன் பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவானிலும் லிபரல்களுக்கு ஓர் இடமும் இல்லை. 2014க்குப் பிந்தைய எண்ணெய் விலை வீழ்ச்சி அங்கே வேலைகளை அழித்திருந்த நேரம் அது. பழி மறுபடியும் வரியின்மேல் விழுந்தது.

2023 அக்டோபரில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்றாண்டு விலக்கு அளித்ததுதான் என் பார்வையில் பெரிய பிழை. அந்த எண்ணெயை அதிகம் நம்பியிருப்பவை லிபரல் உறுப்பினர்கள் நிறைந்த அட்லாண்டிக் மாகாணங்கள். ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் போன்ற மேற்குப் புல்வெளி மாகாணங்களோ எரிவாயுவில் குளிர்காய்பவை. ஏழைகளுக்கு உதவும் நோக்கம் அதில் உண்மையாகவே இருந்திருக்கலாம். இருந்தாலும், விலக்குக்கான காரணம் தேவையா, வாக்கா என்று கேட்க இடம் கொடுத்த அந்த நொடியிலேயே, வரி சுற்றுச்சூழலுக்காக என்ற வாதம் மேற்கில் செல்லாக்காசாகிவிட்டது. சஸ்காச்சுவான் முதல்வர் ஸ்காட் மோ 2024 ஜனவரி முதல் எரிவாயுவுக்கு அந்தக் கட்டணத்தை வசூலிப்பதையே நிறுத்தினார்.

லிபரல் கட்சியின் மார்க் கார்னி பிரதமரானதும் நுகர்வோருக்கான கட்டணத்தை 2025 ஏப்ரல் 1 முதல் சுழியமாக்கினார். பெரிய ஆலைகளுக்கான கரிம விலை மட்டும் தொடர்ந்தது. அதே மாத இறுதியில் நடந்த தேர்தலில் லிபரல்கள் ஆட்சியைத் தக்கவைத்தார்கள். ஆல்பர்ட்டாவின் 37 தொகுதிகளில் அவர்களுக்குக் கிடைத்தவை 2. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 34.