கோபுரத்துக்குப் பணம் இருக்கிறது, கேபிளுக்கு இல்லை

எல்லைக் கண்காணிப்புக்கு அரசு செலவழிக்கும் பணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சி கட்டிவிடுகிறார்கள். நாட்டுப் பாதுகாப்பு என்றால் எவ்வளவு கொட்டினாலும் தகும் என்பது ஒரு கட்சி. எல்லாமே தண்டச் செலவு என்பது இன்னொன்று. அந்தப் பணத்தில் வாங்கிய கருவிகளைப் பழுது பார்ப்பது சில ஆண்டுகள் என் பிழைப்பாக இருந்தது. மேற்கு வங்காளத்தில், வங்கதேச எல்லையை ஒட்டி ஓடும் பத்மா ஆற்றங்கரையோரம், ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் களப் பொறியாளராக வேலை பார்த்தேன். இந்த இரண்டு கட்சியும் கவனிக்காத ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்ட பிறகுதான் மேற்கு எல்லையில் வேலி இல்லாத இடங்களைப் பற்றிய கேள்வி பெரிதாக எழுந்தது. முன்னாள் மத்திய உள்துறைச் செயலர் மதுகர் குப்தா தலைமையில் குழு அமைத்தார்கள். ஆறும் ஓடையும் குறுக்கிடும் இடத்தில் கம்பி வேலி நிற்காது. அங்கே தொழில்நுட்பம்தான் காவல் காக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 2018 செப்டம்பரில் ஜம்முவில் இரண்டு சிறு பகுதிகளில் வெப்பக் கேமரா, ரேடார், தரையடி உணரி, ஒளியிழை உணரி எல்லாவற்றையும் ஒரே கட்டுப்பாட்டு அறையோடு இணைத்துச் சோதனைத் திட்டம் தொடங்கியது. 2019 மார்ச்சில் அசாமின் துப்ரியில், பிரம்மபுத்திரா வங்கதேசத்துக்குள் நுழையும் 61 கிலோமீட்டர் பகுதிக்கு அதேபோன்ற ஏற்பாடு வந்தது. 2021-22 முதல் 2025-26 வரையிலான எல்லை உள்கட்டமைப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய தொகை 13,020 கோடி ரூபாய். வேலி, விளக்கு, சாலை, காவல் சாவடி எல்லாம் அதில் அடக்கம். தொழில்நுட்பமும் அதில் ஒரு பங்கு.

வங்கதேசத்துடனான எல்லை 4,096 கிலோமீட்டர். அதில் பத்மாவை ஒட்டிய பகுதியை வரைபடத்தில் பார்த்தால் அழகான ஒரு கோடு. நேரில் போனால் கோடு எங்கே என்று ஆற்றைத்தான் கேட்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் கரை உடைந்து வயல் போகும். அடுத்த கோடையில் நடு ஆற்றில் ஒரு மணல்திட்டு எழும்பும், அதில் ஆள்கள் குடிசை போட்டுப் பயிர் வைத்துவிடுவார்கள். ஜலங்கிப் பக்கம் ஊரையே ஆறு தின்ற கதைகளை வயதானவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட மண்ணில்தான் கேமராக் கம்பத்துக்குக் கான்கிரீட் அடித்தளம் போடுகிறோம்.

பருவத்துக்குப் பருவம் கருவிகளுக்கு வேறு வேறு வியாதி. ஆனி, ஆடியில் சணல் ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும். அதற்குள் நடப்பவன் கேமராவுக்குத் தெரியமாட்டான். மார்கழி, தையில் பனிமூட்டம் கவிந்துவிட்டால் வெப்பக் கேமராவுக்கும் தொலைவு குறைந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் சிறிது நேரம் மண், நீர், உடல் எல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்கு வந்து படம் வெளிறிப்போகும். இரவு கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் காற்றில் ஆடும் ஒரே ஒரு சிலந்தி இழை இரவு முழுவதும் எச்சரிக்கை மணியை அடிக்க வைக்கப் போதும். தானே கண்டுபிடித்துத் தானே எச்சரிக்கும் அமைப்பு என்று விற்கப்பட்ட கருவிக்கு, நீளக் கம்பில் துணி சுற்றி ஒட்டடை அடிக்கும் ஆள் ஒருவர் தினமும் வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளம் எந்த மதிப்பீட்டிலும் இல்லை.

கட்டுப்பாட்டு அறையில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார், தலைமைக் காவலர். என்னைவிட மூத்தவர், நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பழுதான திரை ஒன்றை மாற்ற ஓர் இரவு அங்கே தங்கியிருந்தேன். நள்ளிரவு தாண்டி மணி அடித்தது. திரையில் தண்ணீரோரம் ஒரு வெள்ளை உருவம். அதைச் சுற்றி மென்பொருள் ஒரு கட்டம் போட்டு ‘மனிதன்’ என்று எழுதியது. அது சரிதான். பக்கத்தில் இருந்த இளம் காவலர் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார்.

“பொறு. நடையைப் பார். இடது தோள் சாய்ந்திருக்கிறது, வலை கிடக்கிறது. இது நம் பக்கத்துக் கிழவர். மருமகனோடு சண்டை போட்டால் இந்த நேரத்துக்கு வந்து வலை போடுவார்” என்றார் அண்ணன். உருவம் குனிந்தது, கையை வீசியது. வலை விரிந்து தண்ணீரில் விழுவது மெல்லிய சாம்பல் கோடாகத் தெரிந்தது. இளம் காவலர் வயர்லெஸ்ஸைக் கீழே வைத்தார்.

கேமரா இல்லாவிட்டால் அந்த இருட்டில் கிழவரைப் பார்த்தே இருக்க முடியாது. அண்ணன் இல்லாவிட்டால், துப்பாக்கியோடு ஒரு குழு அவரை நோக்கி ஓடியிருக்கும். அந்த எல்லையில் இருட்டில் ஓடும் குழுக்களால் என்னென்ன நடந்திருக்கிறது என்பது இரு நாட்டுச் செய்தித்தாள்களிலும் இருக்கிறது. ஒருவர் ஒரே சாவடியில் இருந்து, ஊரையும் ஆள்களையும் அவர்கள் நடையையும் பழகிக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகின்றன. கருவி வந்ததால் ஆளைக் குறைக்கலாம் என்று எழுதும் ஒவ்வொரு கோப்பும் இந்தப் பழக்கத்தைத்தான் வெட்டுகிறது.

இனி பணத்துக்கு வருகிறேன். ஒரு கோபுரத்திலிருந்து படம் வருவது நின்றுபோனது. ஏறிப் பார்த்தேன். கேமரா நன்றாக இருந்தது, பேட்டரி நன்றாக இருந்தது. படத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் மைக்ரோவேவ் டிஷ்ஷுக்குப் போகும் கேபிளின் முனையில் இருந்த கனெக்டரைத் திருகிக் கழற்றினால் உள்ளே தண்ணீர்; பித்தளையில் பச்சைக் களிம்பு. சுற்றியிருந்த ரப்பர் டேப் வெயிலில் வெடித்து உதிர்ந்திருந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான். ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. பராமரிப்பு ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஒப்பந்தம் இல்லாமல் உதிரிப் பாகம் வாங்க என் நிறுவனம் சம்மதிக்கவில்லை. கோபுரமும் கேமராவும் ஒருமுறை வாங்கிப் போடும் மூலதனச் செலவு. கனெக்டர், டேப், டீசல், படகு வாடகை எல்லாம் அன்றாடம் ஆகும் வருவாய்ச் செலவு. இரண்டும் வேறு தலைப்பு, வேறு கோப்பு, வேறு கையெழுத்து. பல லட்ச ரூபாய்க் கேமரா மாதக் கணக்கில் குருடாக நின்றது. அந்த மாதங்களில் அதன் கீழே முன்போலவே காவலர்கள் டார்ச் விளக்கோடு சேற்றில் நடந்தார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் என்னும் வழக்கம் இதை மேலும் கெடுக்கிறது. விலையைக் குறைத்துக் காட்டுகிறவர் முதலில் கைவைப்பது பராமரிப்பில்தான். கேமராவின் தரத்துக்கு விவரக்குறிப்பு உண்டு. எத்தனை பொறியாளர்கள் களத்தில் இருக்க வேண்டும், பழுதை எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்பதை அதே கண்டிப்போடு எழுதுவதில்லை.

பணம் நிறைய இருந்தால் இது தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். மெக்சிகோ எல்லையில் மின்னணு வேலி அமைக்க 2006-இல் போயிங் நிறுவனத்திடம் ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஏறக்குறைய 100 கோடி டாலர் செலவான பிறகு அரிசோனாவில் 53 மைல் தூரம்தான் மிஞ்சியது. 2011 ஜனவரியில் திட்டத்தையே கைவிட்டார்கள். பிறகு 2020-இல், சூரிய ஒளியில் இயங்கித் தானே ஆளையும் வாகனத்தையும் பிரித்தறியும் கோபுரங்களை முறையான கொள்முதலாக்கினார்கள். 2024 அக்டோபரில் வெளியான செய்தி என்ன? அதே எல்லையில் பழைய கோபுரங்களில் இருந்த சுமார் 500 கேமராக்களில் ஏறக்குறைய 150 வேலை செய்யவில்லை என்று எல்லைக் காவல் துறையின் உள் குறிப்பே சொன்னது. 2025 ஜூலைச் சட்டம் எல்லைத் தொழில்நுட்பத்துக்கு 600 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. தானியங்கித் திறன் சோதித்து ஏற்கப்பட்ட கோபுரங்களைத்தான் வாங்கலாம் என்று நிபந்தனையும் போட்டது. பழுதான கேமராவின் செய்தியைப் படித்தபோது, அந்தக் கோபுரங்களிலும் ஏதோ ஒரு கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கருவியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாழைத்தண்டில் கட்டி மாடுகளை இரவில் ஆற்றில் மிதக்கவிடும் கும்பலை, மூடுபனி இல்லாத நாளில் வெப்பக் கேமரா மிகத் தொலைவிலேயே பிடித்துவிடும். காவலர் ஆபத்தான கரையில் கண்மூடித்தனமாக இறங்க வேண்டியதில்லை. ஆனால் கடத்துகிறவனும் சும்மா இருப்பதில்லை. பஞ்சாப் எல்லையில் 2024-இல் மட்டும் 294 ட்ரோன்களை எல்லைப் பாதுகாப்புப் படை கைப்பற்றியது. தரையைப் பார்க்கும் கேமராவுக்கு வானம் தெரியாது. இனி வானத்துக்கும் கருவி வாங்குவார்கள். அதற்கும் கேபிள் உண்டு, டேப் உண்டு.

அதனால் அடுத்த ஐந்தாண்டுத் தொகையை ஒதுக்குகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. கோபுரத்தை நிறுவிய அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பெரும் பங்கை நிறுத்திவைத்து, கேமரா உண்மையில் படம் அனுப்பிய மணி நேரத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் கொடுங்கள். பத்தாண்டுப் பராமரிப்பை அதே டெண்டரில், அதே கையெழுத்தில் சேருங்கள். சில நூறு, சில ஆயிரம் ரூபாய் உதிரிப் பாகத்தை அந்தச் சாவடி அதிகாரியே வாங்கிக்கொள்ள அனுமதி கொடுங்கள். எத்தனை கருவிகள் இயங்கின, எத்தனை முடங்கின என்ற கணக்கை இடம் சொல்லாமலாவது நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வையுங்கள். திரைக்கு முன்னால் இருக்கும் ஆளை, ஊரை அவர் பழகி முடிக்கும் நேரத்தில் மாற்றல் செய்யாதீர்கள்.