ஒரு மணி நேர வானொலிக்கு ஆறு மாத அலைச்சல்

துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர், தோட்டத்தை விட்டு வந்து ஃபிளாட்டுகளில் ஒண்டிய குடும்பங்கள். இவர்களுக்காகக் கோலாலம்பூரில் வாரம் ஒரு மணி நேரம் தமிழில் தொழிலாளர் நிகழ்ச்சி நடத்தலாம் என்று கிளம்பியபோது கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அரசியல் பேசினா தூக்கிடுவாங்க." ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அரசியலால் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நிறுத்தியது ஒரு சினிமாப் பாட்டு. அதுவும் நாங்கள் போட்ட பாட்டு இல்லை.

அதற்கு முன்னால் வீணாய்ப் போன பயணம். மின்னல் எஃப்எம், ராகா மாதிரி பண்பலையில் வர ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பத்தியோடு ஆசையை மூட்டை கட்டிவிடலாம். 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தில் இருக்கும் நான்கு உரிம வகைகளில் சமூக வானொலி என்று தனியாக ஒன்று கிடையாது. பண்பலை என்றால் பெரிய நிலையங்கள் எடுக்கும் அதே தனி உரிமம்தான். விண்ணப்பக் கட்டணம் 10,000 வெள்ளி, அதாவது ரிங்கிட். கிடைத்தால் இன்னொரு 50,000. அதற்கு மேல் வருடக் கட்டணம். அலைவரிசை ஒதுக்கீடு வேறு. இதையெல்லாம் தாண்டி, விண்ணப்பிப்பது கம்பெனியாக இருக்கவேண்டும். சங்கப் பதிவுப் பத்திரம் எடுபடாது.

இந்தக் கடைசி விஷயம் தெரிய ஒரு நாள் சம்பளம் போனது. சங்க விதிமுறை, ஏழு பேர் ஐசி (அடையாள அட்டை) நகல், செயற்குழுத் தீர்மானம் என்று கட்டிக்கொண்டு போன கோப்பை உரிம அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் திறக்கவே இல்லை. "செண்டிரியான் பெர்ஹாட் அடா?", தனியார் கம்பெனி இருக்கிறதா என்று ஒரே கேள்வி. இல்லை என்றதும் அடுத்த எண்ணை அழுத்திவிட்டார். இணையத்தில் மட்டும் ஒலிபரப்பினால் அந்த உரிமமே தேவையில்லை, 2000ஆம் ஆண்டின் விலக்கு ஆணையிலேயே அது இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். 2025 ஜனவரியிலிருந்து சமூக ஊடகங்களுக்கும் உரிமம் வந்துவிட்டதே என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துவார்கள். அது 80 லட்சம் பயனர்களுக்கு மேல் வைத்திருக்கும் தளங்களுக்கு. இணையத்தில் வாரம் இருநூறு பேர் கேட்கும் எங்கள் நிகழ்ச்சிக்கு இல்லை.

உரிமம் வேண்டாம் என்றால் சட்டமும் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆபாசமான, பொய்யான, மிரட்டும் பேச்சைத் தண்டிக்கும் அதே சட்டத்தின் 233ஆவது பிரிவு இணையத்தில் பேசுகிற எவருக்கும் உண்டு. முன்பு 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் 2025 பிப்ரவரி முதல் 5 லட்சம். 1957 அவதூறுச் சட்டம் வானொலியில் சொன்ன சொல்லை எழுத்தில் அச்சிட்டதற்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது. 'வாய் தவறி வந்துவிட்டது' என்ற சமாதானம் அங்கே நிற்காது. அதனால் மூன்றாவது வாரத்தோடு நேரலைப் பேட்டியை நிறுத்திவிட்டோம். பேட்டி எல்லாம் முன்பே பதிவு. நேரலையில் அறிவிப்பாளர் குரல் மட்டும். சம்பள பாக்கியில் இருப்பவர் கோபத்தில் கம்பெனி பெயரை, மேலாளர் பெயரை, அவருடைய வீட்டு விஷயத்தைக்கூட ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அது நியாயமான கோபம். ஆனால் வக்கீல் கடிதம் வந்தால் முதலில் நிற்கப்போவது அவர்தான்.

இனி அந்தப் பாட்டு.

ஒரு மருத்துவமனையில் குத்தகைக்கு வேலை செய்யும் அக்காவின் பேட்டி. குத்தகை கைமாறும்போதெல்லாம் புதுக் கம்பெனியில் புது ஆளாகச் சேர்த்து, பழைய சேவைக் காலத்தை எப்படி அழித்துவிடுகிறார்கள் என்பதை வருடம் வருடமாகச் சொன்னார். வேலை முடிந்த கையோடு செந்தூலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பதிவு செய்தது. கடை டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் யாருக்கும் காதில் ஏறவில்லை. ஏற்றிய சில நிமிடங்களில் தளத்தின் இயந்திரம் பாட்டை அடையாளம் கண்டு, பாட்டு கேட்ட 11 நிமிடத்தையும் ஊமையாக்கிவிட்டது. சரியாக அந்தச் சேவைக் கால விவரம் உள்ள 11 நிமிடம். மேல்முறையீட்டுப் பாரத்தில் 'பின்னணியில் தற்செயலாக ஒலித்தது' என்று தேர்வு செய்யக் கட்டமே இல்லை.

பாட்டு விவகாரத்தில் இரண்டு உரிமை இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் வசூலிக்கும் அமைப்புகள் வேறு வேறு. இசையமைப்பாளர், பாடலாசிரியர் பக்கத்துக்கு எம்ஏசிபி. ஒலிப்பதிவு பக்கத்துக்குப் பிபிஎம். ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதும் சேர்த்தி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் கட்டினாலும் சமூக ஊடகத்தின் இயந்திரத்துக்கு உங்கள் ரசீது தெரியாது, ஊமையாக்கத்தான் செய்யும். பழைய பாட்டுக்குச் சிக்கல் இல்லை என்பதும் பாதி உண்மை. இங்கே ஒலிப்பதிவு உரிமை 50 ஆண்டில் முடியும். ஆனால் மெட்டும் வரியும் அவற்றைப் படைத்தவர் இறந்து 50 ஆண்டு வரை நிற்கும். உறுமி மேளக்காரர்களைப் பதிவு செய்யப் போனால் முதலிலேயே "சினிமா மெட்டு வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாவது அடிக்கே அங்கே போய்விடுவார்கள்.

எங்களுக்குக் கை கொடுத்தது தோட்டத்துப் பாட்டிகள். பால்மரக் (ரப்பர்) காட்டுப் பாட்டு, தாலாட்டு, கும்மி எதற்கும் எந்த இயந்திரமும் வாலாட்டவில்லை. ஆனால் பாடுகிறவருக்கும் உரிமை உண்டு, காகிதத்தில் ஒப்புதல் வேண்டும். ஆங்கிலப் பாரத்தை நீட்டினால் "இது என்ன, கடன் பத்திரமா?" என்று தள்ளிவிடுகிறார்கள்; கேட்டதில் தப்பில்லை. தமிழில் நான்கே வரி: யார் பதிவு செய்கிறார்கள், எங்கே ஒலிக்கும், காசு உண்டா இல்லையா, பிறகு வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது. அதை வாசித்துக் காட்டி, அவர் சரி என்று சொல்வதையும் ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் தொலையும், கோப்பு இருக்கும்.

பெயரை மறைப்பதிலும் ஒரு முறை சறுக்கியது. பேட்டி கொடுத்த அண்ணன் பெயரை மாற்றினோம், கம்பெனி பெயரை வெட்டினோம். 'ராத்திரி ஷிப்டில் நான் ஒரு ஆள்தான்' என்று அவர் சொன்னதை விட்டுவிட்டோம். மறுநாள் காலையிலேயே மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இப்போது வெட்டும் வரிசை வேறு: முதலில் இடம், அடுத்து ஷிப்ட், அடுத்து எத்தனை வருட வேலை, கடைசியில்தான் பெயர். குரலின் சுருதியை மாற்றுவது பெரிய மறைப்பு இல்லை. கூட வேலை செய்கிறவர் பேச்சுப் பாணியை வைத்தே பிடித்துவிடுவார். ஆபத்து அதிகம் என்றால் அவர் சொன்னதை வேறொருவர் வாசித்துவிடுங்கள்.

கருவிகள் பற்றி எங்கும் கிடைக்கும், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஸ்டூடியோ வேண்டாம், மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறை போதும், காற்றாடியை மட்டும் நிறுத்த வேண்டும். எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக், வாயிலிருந்து ஒரு சாண் தூரம், குரல் உச்சம் கழித்தல் 12 டெசிபெல் பக்கம். கைபேசியை மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள், 'டிரிக் டிரிக்' என்று அது போடும் இரைச்சலைப் பிறகு நீக்க முடியாது. பக்கத்துச் சுராவின் (சிறு தொழுகைக் கூடத்தின்) பாங்கு நேரம் பார்த்துப் பதிவை வைத்துக்கொண்டால் பாதி வாக்கியத்தில் நிறுத்த வேண்டியதில்லை. இணையத்தில் ஒலிபரப்பும் ஐஸ்காஸ்ட் சர்வரில் மாற்று இணைப்பை, அதாவது ஃபால்பேக் மவுண்டை, முதல் நாளே போட்டுவிடுங்கள். அனுப்பும் பக்கம் 10 விநாடி அறுந்தாலே சர்வர் கழற்றிவிடும். மாற்று இல்லையென்றால் கேட்பவர்களும் கழன்றுவிடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள்.

கேட்பவரின் டேட்டாவையும் கணக்குப் போடுங்கள். 128 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 128 கிலோபிட்) ஒரு மணி நேரம் 57 எம்பிக்கு மேல் தின்னும். பேச்சுக்கு மோனோ 64 தாராளம்: அரை மணி நேரம் 14.4 எம்பி. வாட்ஸ்அப்பில் ஒலிக்கோப்பாக அனுப்பும்போது 16 எம்பிக்குள் நிற்கும். இதற்காகவே நிகழ்ச்சியை இரண்டு அரை மணியாக வெட்டினோம். நேரலையில் கேட்பவரை விட, காலையில் தரை துடைத்துக்கொண்டே ஒரு காதில் மாட்டிக் கேட்பவர்தான் அதிகம்.

நிகழ்ச்சியின் சட்டப் பகுதியில் எண்கள்தான் எமன். மாதம் 1,700 வெள்ளி வாங்குகிறவருக்கு மிகை நேரம் எவ்வளவு? சட்டக் கணக்கில் மாதம் 26 நாள்; 26ஆல் வகுத்தால் நாளுக்கு 65.38. 8 மணி நேர வேலைக்கு மணிக்கு 8.17. சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, ஆக 12.26 வெள்ளி. இதை ஒரே வாக்கியத்தில் படித்தால் எவர் மனத்திலும் நிற்காது. 'எட்டு வெள்ளி பதினேழு காசு' என்று இரண்டு முறை, நடுவில் மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேலை நீக்கத்துக்கு 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொரு வாரமும் சொல்கிறோம். 'போன வாரமே சொன்னீங்களே' என்று புகார் வருகிறது. வரட்டும். 61ஆம் நாள் போன் செய்து அழுதவருக்கு எங்களிடம் பதில் இல்லை.

மே மாத நிகழ்ச்சிக்குத் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைப் பற்றிப் பேச, அவர் 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்ட புடு சிறையின் வாசலிலேயே பதிவு செய்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு யோசனை. சிறையை இடித்துவிட்டார்கள், பழைய நுழைவாயில் மட்டும் நிற்கிறது, பின்னால் பேரங்காடி. மதியம் போனால் பஸ் ஹாரன் தவிர ஒன்றும் பதிவாகாது. ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போங்கள். இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுடப்பட்டது கணபதி தூக்கிலிடப்பட்டதற்கு முந்தின நாள், மே 3. இரண்டு தேதியையும் மாற்றிச் சொல்லி ஒரு பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அந்த 11 நிமிடம் இன்னும் ஊமையாகத்தான் கிடக்கிறது. அக்கா மறுபடியும் பேசச் சம்மதித்துவிட்டார். "டிவி இல்லாத இடமாப் பாரு தம்பி" என்றார். அவர் ஃபிளாட்டின் நான்காவது மாடிப் படிக்கட்டு, மாலை நான்கு மணி. பள்ளிப் பிள்ளைகள் ஏறி முடித்திருப்பார்கள்.