கோர் எண்ணி வாங்கிய சர்வர்கள்

ஒரே சர்வரைப் பல மெஷின்களாகப் பிரித்து ஓட்டும் விர்ச்சுவலைசேஷன் மென்பொருளின் லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்கியபோதுதான் எங்கள் நிறுவனத்தில் இந்த வேலை ஆரம்பித்தது. 2023 நவம்பரில், அந்த மென்பொருளைத் தயாரிக்கும் விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் வாங்கியது; அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்று, எல்லாம் சந்தாவுக்கு மாறியது. கட்டணம் கோர் கணக்கில், அதாவது சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின் எண்ணிக்கைக்கு. சிபியுவில் எட்டு கோர்தான் என்றாலும் 16-க்குக் கட்ட வேண்டும். சர்வர்களும் பழசாகிவிட்டிருந்தன. சரி, எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று மேலிடத்தில் முடிவானது.

விற்பனையாளர்களைக் கூப்பிடும் முன், மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாட்களும் அடங்கும்படி எங்கள் லோடை அளந்தோம். கையில் இந்த எண்கள் இல்லாமல் பேச உட்கார்ந்தால், அவர்கள் சொல்வதுதான் அளவு. எட்டு கோர் கேட்டு வாங்கிய விர்ச்சுவல் மெஷின்கள் பலவும் இரண்டைக்கூட முழுதாகத் தொடவில்லை; மெமரியில்தான் நெருக்கடி. சில மெஷின்கள் யாருடையவை என்றே தெரியவில்லை. அணைத்துப் பார்த்தோம், ஒரு போன்கூட வரவில்லை.

அப்புறம் டேட்டாபேஸ். அதன் லைசென்ஸும் கோர் கணக்குதான் என்பதால், கோர் குறைவாகவும் வேகம் அதிகமாகவும் உள்ள சிபியுவைக் கேட்டோம். சர்வர் விலை கொஞ்சம் கூடியது. லைசென்ஸில் மிச்சமானதோ அதைவிடப் பல மடங்கு. 'இதே விலைக்கு இரண்டு மடங்கு கோர் தருகிறோம்' என்று ஒருவர் ஆசை காட்டினார். இந்த இடத்தில் அது சலுகையே இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஸ்டோரேஜ் சோதனைதான். டெமோவில் எல்லாமே பறக்கும். டேட்டா சின்னது, முழுவதும் கேஷ் என்ற சின்ன, வேகமான நினைவகத்திலேயே அடங்கிவிடும். நாங்கள் கேஷைவிடப் பெரிய டேட்டாவை வைத்து, 8 கேபி துண்டுகளாக (பிளாக்), படிப்பது 70, எழுதுவது 30 என்ற விகிதத்தில் ஓட்டச் சொன்னோம். நடுவில் பேக்கப்பையும் தொடங்கச் சொன்னோம். சராசரி வேகம் பெரிதாக அசையவில்லை. 99-வது பெர்சன்டைலில், அதாவது நூறில் மிக மெதுவான ஒன்றில் மட்டும், ஒரு ஸ்டோரேஜ் தடுமாறியது. நூறில் ஒன்றுதானே என்றார்கள். எங்கள் ரிப்போர்ட் ஒன்றைத் திறந்தால் இருநூறு தடவை டேட்டாபேஸுக்குப் போய் வரும். கணக்குப்படி ஒரு ரிப்போர்ட்டுக்குச் சுமார் இரண்டு முறை அந்தத் தாமதத்தில் மாட்டும். காத்திருக்கிறவருக்குச் சராசரியா தெரியும்?

கொட்டேஷனில் இருந்த கொள்ளளவும் அப்படித்தான். டீடூப் (ஒரே டேட்டா திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் வைப்பது), கம்ப்ரஷன் (சுருக்குவது) எல்லாம் சேர்த்து நாலு பங்கு டேட்டா ஒரு பங்கு இடத்தில் அடங்கும், நாலுக்கு ஒன்று என்று போட்டிருந்தார்கள். எங்களிடம் பாதிக்கு மேல் ஸ்கேன் செய்த படங்களும் என்கிரிப்ட் ஆன ஃபைல்களும். அவை பெரிதாகச் சுருங்காது. அந்த விகிதம் வராவிட்டால் குறைகிற இடத்துக்கு டிஸ்க் இலவசம் என்று எழுதித் தரக் கேட்டதும், அடுத்த கொட்டேஷனில் விகிதம் இரண்டுக்கு இறங்கியது.

கிளவுடையும் பார்த்தோம். டேட்டாவை ஏற்றுவதற்குப் பெரும்பாலும் காசில்லை, வெளியே எடுக்கத்தான் காசு. தினமும் ராத்திரி மொத்தமாக டேட்டா இழுக்கும் ரிப்போர்ட்டுகளை உள்ளேயே வைத்துக்கொண்டு, எப்போதாவது ஓடுகிற டெஸ்ட் மெஷின்களை மட்டும் அங்கே அனுப்பினோம்.

விலை பேசும்போது நான் விடாமல் பிடித்துக்கொண்டது நான்காம், ஐந்தாம் ஆண்டு சப்போர்ட் கட்டணத்தை. முதல் மூன்று ஆண்டு சேர்ந்தே வரும், தள்ளுபடி பளபளக்கும், ரெனியூவலில்தான் பிடுங்குவார்கள். ஐந்தாண்டுக்கும் தொகையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடுகிற மாதங்களுக்கான இரட்டைச் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இல்லை; அதை எங்கள் எக்செல்லில் நாங்களே தனி வரியாகச் சேர்த்துத்தான் ஒப்புதலுக்கு அனுப்பினோம்.