நாவல் வகுப்பில் பணக்கணக்கு

விக்டோரியா காலத்து ஆங்கில நாவல்களைக் கல்லூரியில் பல ஆண்டுகளாக நடத்திவரும் எனக்கு, தனிமனித சுதந்திரம் பற்றிய கேள்விக்கு மாணவர்கள் எங்கே தொடங்குவார்கள் என்பது விடைத்தாளைப் பிரிக்கும் முன்பே தெரியும். 1847இல் வெளிவந்த ‘ஜேன் அயர்’ நாவலில், தான் வலையில் சிக்கும் பறவையல்ல, தனக்கென்று விருப்பமுள்ள சுதந்திரமான மனித உயிர் என்று நாயகி ஜேன், தன் எஜமானர் ராச்செஸ்டரிடம் சொல்லும் இடம்தான் அது. கைடுகளும் அதோடு நிறுத்திக்கொள்கின்றன.

வகுப்பில் நான் அதற்குப் பின் வரும் பணக்கணக்கில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன். தான் மணக்கவிருந்த ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பதை அறிந்து வீட்டைவிட்டு வெளியேறும் ஜேனிடம் இருப்பது 20 ஷில்லிங், அதாவது ஒரே ஒரு பவுண்டு. அதுவும் கோச்சு வண்டிக் கட்டணத்துக்கே போய்விட, பன்றிக்குக் கொட்டவிருந்த கஞ்சியைக் கேட்டு வாங்கி உண்ணும் நிலைக்கு வந்துசேர்கிறாள். பின்னர் மதெய்ரா தீவில் வணிகம் செய்த தந்தையின் சகோதரர் விட்டுச்சென்ற 20,000 பவுண்டு கிடைக்கிறது. அதை மூன்று உறவினர்களோடு சமமாகப் பங்கிட்டுத் தன் பங்கான 5,000 பவுண்டோடு திரும்பிவந்த பிறகே, தான் யாரையும் சார்ந்தவள் அல்ல என்று ராச்செஸ்டரிடம் அவளால் சொல்ல முடிகிறது. மன உறுதி மட்டும் அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்காது என்பது என் கருத்து.

ராச்செஸ்டரின் அந்த மனைவி, மனநோயால் மாடியில் பூட்டி வைக்கப்பட்ட பெர்த்தாவோ 30,000 பவுண்டு சீதனத்தோடு ஜமைக்காவில் மணமுடிக்கப்பட்டவள். மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள முழுமையாக வழிசெய்த சட்டம் இங்கிலாந்தில் 1882இல்தான் வந்தது. மனநோயை விவாகரத்துக்குக் காரணமாக அந்நாட்டுச் சட்டம் ஏற்றது 1937இல் என்பதால் ராச்செஸ்டரும் கட்டுண்டவரே என்று வாதிடும் மாணவர்கள் உண்டு. வாதம் நியாயமானதுதான், ஆனால் அறைச் சாவி அவர் பக்கம் இருந்தது.

‘மிடில்மார்ச்’ நாவலில் இறந்துபோன கணவரின் உயில், நாயகி டோரோதியா லாடிஸ்லா என்ற இளைஞரை மணந்தால் அவளுக்குச் சொத்து கிடையாது என்கிறது. அவள் சொத்தை உதறுவது உயர்ந்த செயலே என்றாலும், அவளுக்கென்று ஆண்டுக்கு 700 பவுண்டு வருமானம் இருந்ததை நான் சொல்லாமல் விடுவதில்லை.

1895இல் வந்த தாமஸ் ஹார்டியின் ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’ நாவலின் நாயகன் ஜூடுக்கு அப்படி எதுவும் இல்லை. ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டே லத்தீனும் கிரேக்கமும் படித்த அந்தக் கல்தச்சன், கல்லூரியில் சேர வழிகேட்டுக் கல்லூரித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதுகிறான். உன் தொழிலிலேயே இருப்பது உனக்கு நல்லது என்று ஒருவர் மட்டும் மரியாதையாகப் பதில் அனுப்புகிறார். உங்களைப்போல் எனக்கும் அறிவுண்டு என்ற பைபிள் வாசகத்தை ஜூட் அந்தக் கல்லூரிச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டுப் போகிறான். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் என் வகுப்பில் அதிகம். டோரோதியாவின் உயில் விவகாரத்தைக் குறிப்பெடுத்துக்கொள்ளும் அவர்கள், இந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் மணியடித்த பிறகும் பேசுகிறார்கள். சட்டம் தடுக்காத ஒருவனை வேறு எதெல்லாம் தடுக்கும் என்று கேட்டால், கட்டணம், விடுதி, ஆங்கில உச்சரிப்பு என்று ஹார்டி எழுதாதவற்றையும் சேர்த்தே அடுக்குகிறார்கள்.