கொய்யா இலைத் தேநீர்

வெந்நீரை ஊற்றியதும் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இளமஞ்சள் இறங்கியது, அப்புறம் மெல்ல மெல்லச் செம்பழுப்பு.

கொய்யா இலைதான். கொழுந்தாகப் பார்த்து நாலைந்து பறித்து, கழுவி, கையாலேயே கிள்ளிப் போட்டேன்.

கிள்ளும்போது விரலில் ஏறுகிற அந்த வாசனை இருக்கிறதே, அது பழத்தின் வாசனை இல்லை, பச்சையாக, லேசாகக் காரமாக, கையைக் கழுவிய பிறகும் போகாமல் நகக்கண்ணில் உட்கார்ந்துகொள்கிறது.

குடித்தால் துவர்ப்பு. எல்லாம் இலையில் இருக்கிற டானின் என்ற துவர்ப்புப் பொருள் செய்கிற வேலை. ரொம்பக் கொதிக்கவிட்டால் நாக்கு இழுத்துக்கொள்ளும், ஐந்து நிமிடம் ஊறினாலே போதும். காஃபின் கிடையாது, ராத்திரியிலும் தாராளமாகக் குடிக்கலாம்.

மல்பெரி இலையிலும் போடலாம். மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்தும் பொருள் ஒன்று அதில் இருக்கிறது (சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்).

அதற்காக, பழ மரம்தானே என்று கண்ட இலையையும் பறித்துப் போட்டுவிடாதீர்கள். செர்ரி, பீச், பிளம் இலைகளில் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் உண்டு. வாடிய செர்ரி இலையைத் தின்று மாடுகளே செத்திருக்கின்றன.

சரி, மாங்கொழுந்தில் போட்டுக் குடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சுவை எப்படி?